நினைவற்ற கருவியும் நெகிழ்வட்டும்

இசை காற்றில் பிறந்து காற்றிலே கரைவது. சிற்பி செதுக்கிய கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். ஓவியன் தீட்டிய சுவர் சில நூற்றாண்டேனும் நிற்கும். பாடகன் எழுப்பிய ஒலியோ எழுந்த கணத்திலேயே மறையத் தொடங்கிவிடும். அவ்வாறு மறையும் ஒலியைப் பிடித்து வைக்க மனிதன் செய்த முயற்சிகளை நாம் ஓரளவு அறிவோம். 1877இல் எடிசன் கண்ட ஒலிப்பதிவுக் கருவி, அதன்பின் இசைத்தட்டு, அதன்பின் ஒலிநாடா என்று அவ்வரலாறு நீள்கிறது. ஆனால், பிடித்து வைத்த ஒலியையே ஒரு வாத்தியமாக்கி, அதனைக் கட்டைகளின் வழியே வாசிக்கத் துணிந்த வரலாறும் ஒன்று உண்டு. அது நம்மில் பலர் அறியாதது. 'சாம்ப்ளர்' என்று இசைத்துறையினர் வழங்கும் அக்கருவியின் கதையையும், அதற்கு ஒலி தேடி ஊட்டியவர்களின் கதையையும் இக்கட்டுரையில் காண்போம்.

இயந்திரத்தின் கதைக்கு இலக்கிய மலரில் என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். அழியும் ஏட்டிலிருந்து அழியாத செல்வத்தை மீட்டெடுத்த மரபு நம்முடையது. அம்மரபினர்க்கு இக்கதை அயலானதாகத் தோன்றாது என்பதே நம் விடை.

முன்னோடிகள்

1948இல் பாரிசு நகர வானொலி நிலையத்தில் பணியாற்றிய பியர் ஷேஃபர் என்பார், புகைவண்டியின் ஓசைகளைத் தட்டில் பதிந்து, அவற்றையே தொகுத்து ஓர் இசைப் படைப்பாக ஒலிபரப்பினார். தட்டின் வரிப்பள்ளத்தை ஒரு வட்டமாக மூடிவிட்டால் அதே ஓசை மீண்டும் மீண்டும் சுழன்று ஒலிக்கும் என்பதையும் அவர் பயன்கொண்டார். பதிந்த ஓசை ஒரு செய்தியன்று, மூலப்பொருள் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹாரி சேம்பர்லின் என்பவர், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஓர் ஒலிநாடாத் துண்டை வைத்து, கட்டையை அழுத்தினால் அந்நாடா ஓடும்படி ஒரு கருவியை அமைத்தார். அக்கருவிகள் இரண்டை அவருடைய விற்பனையாளர் ஒருவர் 1962இல் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பர்மிங்காமில் அவற்றின் அடியொற்றி 1963இல் பிறந்ததே மெல்லோட்ரான். புல்லாங்குழல் கலைஞர் ஒருவர் ஒவ்வொரு சுரமாக ஊதிப் பதிந்தது, அந்தந்தச் சுரத்திற்குரிய கட்டையின் கீழ் இருக்கும். கட்டையை அழுத்தினால் குழல் பாடும். விடுத்தால் நாடா விசையினால் தன் தொடக்கத்திற்குத் திரும்பும். ஒரு சுரம் ஏறத்தாழ 8 வினாடியே நிலைக்கும். அதற்குமேல் நாடா இல்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலின் தொடக்கத்தில் ஒலிக்கும் குழல் இக்கருவியின் குழலே.

குழலை விட்டு வயலின் வேண்டுமெனில் என் செய்வது? 1970இல் வந்த எம்-400 என்னும் வகையில், நாடாக்கள் அனைத்தும் ஒரு சட்டகத்தில் பொருத்தப்பட்டிருந்தன. மூடியைத் திறந்து, சட்டகத்தைத் தூக்கி வெளியே வைத்து, வேறொரு சட்டகத்தை இறக்க வேண்டும். கருவி ஒன்று, ஒலி வேறு. ஒலியைத் தனியே கொண்டுவந்து கருவிக்கு ஊட்டலாம் என்னும் நடைமுறையை இங்கே தெளிவாகக் காண்கிறோம். பின்வந்த கருவிகள் அனைத்தும் இவ்வழியிலேயே சென்றன.

எண்ணாக மாறிய ஒலி

அடுத்த பெரும் பாய்ச்சல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நிகழ்ந்தது. 1975இல் பீட்டர் வோகல், கிம் ரைரி என்னும் இரு இளைஞர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். ரைரியின் பாட்டியார் இல்லத்தின் முன்னே துறைமுகத்தில் ஓடிய படகொன்றின் பெயராகிய 'ஃபேர்லைட்' என்பதையே அதற்குச் சூட்டினர். டோனி ஃபர்ஸ் என்பார் வகுத்திருந்த கணிப்பொறி அமைப்பைத் துணைக்கொண்டு, வாத்திய ஒலிகளைக் கணக்கிட்டே உண்டாக்க அவர்கள் முயன்றனர். கணக்கு சரியாக வந்தது. ஒலியில் உயிர் வரவில்லை. அந்நிலையில் வானொலியில் ஒலித்த பியானோவின் ஒரு துளியைக் கருவிக்குள் ஏற்றி, அதனை வெவ்வேறு சுருதிகளில் ஒலிக்கச் செய்து பார்த்தார் வோகல். கணக்கினால் வாராத உயிர் அத்துளியில் இருந்தது. குறுக்குவழியாகக் கருதப்பட்ட அம்முறையே இறுதியில் கருவியின் பெரும்புகழுக்குக் காரணமாயிற்று. 1979இல் ஃபேர்லைட் சி.எம்.ஐ. விற்பனைக்கு வந்தது.

இதன் செயல்முறையைச் சிறிது விளக்குதல் தகும். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. அவ்வேற்றத்தாழ்வை ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டால், அவ்வெண்களின் வரிசையே ஒலியின் படியாகிறது. எண்களை அதே வேகத்தில் திரும்பப் படித்தால் அதே ஒலி எழும். இருமடங்கு வேகத்தில் படித்தால் ஒரு ஸ்தாயி உயர்ந்து எழும். 8 பிட் கருவிகளில் ஒவ்வோர் அளவும் 256 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. நுண்ணிய வேறுபாடுகள் அதில் நழுவிப்போயின. ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறியது. அன்று குறையெனக் கருதப்பட்ட அதுவே இன்று அக்கருவிகளின் குணம் எனப் போற்றப்படுகிறது.

ஃபேர்லைட்டின் ஒவ்வொரு குரலுக்கும் 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. ஒரு வினாடி அளவுக்கே ஒலி கொள்ளும். அதன் ஒலிகள் 8 அங்குல நெகிழ்வட்டுகளில் சேமித்து வைக்கப்பட்டன. கருவியோடு வந்த வட்டுத் தொகுதியில், இசைக்குழு முழுவதும் ஒருசேர ஒரே அடியாக முழங்கும் ஒலி ஒன்று இருந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி 1910இல் படைத்த 'ஃபயர்பேர்ட்' என்னும் நாட்டிய இசையின் இசைத்தட்டு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட துளி அது. 'ஆர்க்-5' எனப் பெயர் சூட்டப்பட்ட அம்முழக்கம், 1982இல் நியூயார்க் நகரத்து ஆஃப்ரிகா பம்பாட்டா வெளியிட்ட 'பிளானட் ராக்' பாடலில் ஒலித்தது. அதன்பின் அப்பத்தாண்டின் பாடல்கள் பலவற்றில் அவ்வகை முழக்கம் ஒரு முத்திரையாகவே ஆகிவிட்டது.

கானல்நீர் என்னும் கருவி

ஃபேர்லைட் செல்வர்க்கே உரியது. கலிபோர்னியாவின் இ-மு நிறுவனம் 1981இல் வெளியிட்ட எமுலேட்டரும், 1984இல் வெளியிட்ட இரண்டாம் எமுலேட்டரும் விலையைக் குறைத்தன. எனினும் இரண்டாவதன் விலை ஏறத்தாழ 8,000 டாலர். எளிய இசைக்கலைஞன் எட்டாத உயரம் அது.

அவ்வுயரத்தைத் தரைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1982இல் தோன்றிய என்சோனிக் நிறுவனம். கமோடோர் கணிப்பொறி நிறுவனத்தைவிட்டு வெளியேறிய பொறியாளர் சிலர் நிறுவியது அது. அவர்களுள் ஒருவரான பாப் யானெஸ், கமோடோர் 64 கணிப்பொறியின் ஒலிச் சில்லை வடித்தவர். அவர் புதிதாக வடித்த மற்றொரு சில்லே என்சோனிக் கருவிக்கு இதயமாயிற்று. அதே சில்லு 1986இல் ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்றிலும் இடம்பெற்றது. 1984ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி அறிமுகமான அக்கருவியின் பெயர் 'மிராஜ்'. தமிழிற் சொன்னால் கானல்நீர். விலை 1,695 டாலர்.

பெயர்ப் பொருத்தம் வியப்புக்குரியது. மின்விசையைப் போட்டவுடன் மிராஜ் பாடாது. அதனுள் ஒலி ஒன்றும் இல்லை. ஒலியை எவ்வாறு எழுப்புவது என்னும் ஆணைத்தொகுப்பும் முழுமையாக இல்லை. 3½ அங்குல நெகிழ்வட்டு ஒன்றைச் செருகிய பின்னரே அது தன்னை உணர்கிறது. முதலில் வட்டிலிருந்து ஆணைத்தொகுப்பு ஏறும். பின்னர் ஒலிகள் ஏறும். மின்விசையை நிறுத்தினால் அனைத்தும் அகன்றுவிடும். மறுநாட் காலையில் அது மீண்டும் ஒன்றும் அறியாத கருவியே. வீணையின் ஒலி வீணையின் மரத்திலும் தந்தியிலும் உறைகிறது. மிராஜின் ஒலியோ அதனுள் இல்லை, வட்டில் இருக்கிறது. வட்டு இல்லையேல் அது கட்டைகள் பதித்த வெறும் பெட்டி.

அதன் நினைவகம் ஒலிக்கென 128 கிலோபைட். கட்டைகளின் கீழ்ப்பாதிக்கு 64, மேற்பாதிக்கு 64 எனப் பகிர்ந்து வைத்திருந்தனர். வினாடிக்கு 30,000 முறை அளந்து பதிந்தால், ஒரு பாதிக்கு இரண்டு வினாடி அளவே ஒலி கொள்ளும். ஒரு வட்டில் இத்தகைய தொகுதிகள் மூன்று அடங்கும். வாசிப்பவர் கீழ்ப்பாதிக்கு ஒன்று, மேற்பாதிக்கு ஒன்று என எண்ணைத் தெரிந்து அழுத்த, வட்டு சுழன்று ஒலி ஏறும். கருவியின் முகப்பில் இரண்டே இலக்கம் காட்டும் சிறு சாளரம். அதிலும் சில அளவுகள் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் தோன்றும். இத்துணை இடர்ப்பாட்டையும் பொறுத்துக்கொண்டு கலைஞர்கள் அதனை வாங்கினர். காரணம் எளிது. நாயின் குரைப்பையும், மழலையின் சிரிப்பையும், கோயில் மணியின் நாதத்தையும் கட்டைகளில் அமைத்து வாசிக்கும் ஆற்றல், முதன்முறையாக மாதச் சம்பளக்காரனின் எட்டும் தூரத்துக்கு வந்தது.

ஒலி தேடியோர்

இக்கருவிக்கு ஒலி எங்கிருந்து கிடைத்தது? வழிகள் மூன்று. நிறுவனமே பதிந்து வெளியிட்ட வட்டுகளை வாங்குதல் ஒன்று. பிறர் பதிந்தவற்றை விலைக்கோ பண்டமாற்றாகவோ பெறுதல் மற்றொன்று. ஒலிவாங்கியை வைத்துத் தானே பதிதல் மூன்றாவது.

மூன்றாம் வழியே கடினமானது. கலை நிறைந்ததும் அதுவே. ஒரு குழலின் ஒரே சுரத்தைப் பதிந்து எல்லாக் கட்டைகளுக்கும் பரப்பினால், மேலே செல்லச் செல்ல அது எலியின் கீச்சொலியாகும். கீழே வர வர எருமையின் முனகலாகும். ஆகவே சில கட்டைகளுக்கு ஒன்றாகப் பல சுரங்களைப் பதிய வேண்டும். நினைவகமோ இரண்டு வினாடி. நான்கு சுரம் பதிந்தால் ஒவ்வொன்றுக்கும் அரை வினாடியே கிட்டும். அரை வினாடிக் குழலை நெடுநேரம் ஒலிக்கச் செய்ய, அதன் ஒரு பகுதியைச் சுழல விட வேண்டும். சுழலின் முடிவும் தொடக்கமும் அலையின் ஒத்த நிலையில் பொருந்தவில்லையெனில், ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று ஒரு தட்டு கேட்கும். ஷேஃபர் தட்டின் பள்ளத்தை மூடிச் செய்ததையே, இவர்கள் காதும் எண்ணும் துணையாகச் செய்தனர். மாலை முழுவதும் அமர்ந்து ஒரே ஒரு பொருத்தத்தைத் தேடுவது இத்தொழிலில் இயல்பு.

அவ்வாறு தேடிக் கண்டவர்கள் தாம் கண்டதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. 1985இல் 'டிரான்சோனிக் ஹேக்கர்' என்னும் தனி இதழ் ஒன்று, நிறுவனத்தைச் சாராது, என்சோனிக் கருவி வைத்திருப்போர்க்காகவே தோன்றியது. ஐயம் எழுப்புவோரும் விடை கூறுவோரும் அதில் கூடினர். வட்டுகள் அஞ்சலில் பயணம் செய்தன. ஊர் பெயர் அறியாத ஒருவர் பதிந்த மணியோசை, கடல் கடந்த மற்றொருவரின் பாடலில் ஒலித்தது.

வட்டின் முதுமை

கருவிகள் விரைவில் பழையன ஆயின. நினைவகம் மலிந்தது; 16 பிட் கருவிகள் வந்தன; பின்னர் கணிப்பொறியே எல்லாவற்றையும் விழுங்கியது. இ-மு நிறுவனத்தை 1993இலும் என்சோனிக்கை 1998இலும் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பழைய கருவிக்கு வட்டு அளிப்பார் இலர் ஆயினர். நெகிழ்வட்டை ஆக்கிய சோனி நிறுவனமே தன் நாட்டில் அதன் விற்பனையை 2011இல் நிறுத்திவிட்டது.

கருவி நாற்பது ஆண்டுகளையும் தாங்கி நிற்கிறது. அதற்கு உயிரூட்டும் வட்டோ மெல்லிய நெகிழித் தகட்டின்மேல் பூசிய காந்தப் பொடி. ஈரம் பட்டால் பூசணம் படரும். காந்தம் அருகில் வந்தால் எழுத்துக் கலையும். ஒன்றும் செய்யாவிடினும் காலம் அதனை மங்கச் செய்யும். புது வட்டு வாங்கிப் படியெடுக்கலாமெனில் அதிலும் ஓர் இடர் உண்டு. மிராஜ் வேண்டுவது பழைய இரட்டைச் செறிவு வட்டு. பின்னாளில் பெருகியவை உயர்செறிவு வட்டுகள். அவற்றின் மூலையிலுள்ள துளையை ஒட்டுத்தாளால் மறைத்துக் கருவியை ஏமாற்றலாம். ஆயின் அவற்றின் காந்தப் பூச்சு வேறு தன்மையது ஆகலின், எழுதியது நிலைத்து நிற்கும் என்று நம்ப முடியாது. கணிப்பொறியில் இட்டுப் படிக்கலாமெனிலோ, வழக்கமான கணிப்பொறி வட்டின் ஒவ்வொரு வட்டத்தையும் 9 கூறாகப் பிரிக்க, மிராஜ் 6 கூறாக, அதுவும் 5 பெரியனவும் ஒன்று சிறியதுமாகப் பிரிக்கிறது. கணிப்பொறி அவ்வட்டை வெற்று வட்டென்றே கருதிவிடும்.

இவ்விடத்தில்தான் ஆர்வலர்களின் தொண்டு சிறக்கிறது. அவர்கள் மிராஜின் வட்டுப் பிரிவை ஆராய்ந்து, அதனைக் கூறு கூறாகப் படிக்கும் நிரல்களை எழுதினர். ஒவ்வொரு வட்டையும் முழுமையாகப் படியெடுத்து ஒரு கோப்பாக்கினர். பழைய வட்டோட்டி இருந்த இடத்திலேயே பொருத்தத்தக்க சிறு பெட்டி ஒன்று இன்று கிடைக்கிறது. அதில் விரலளவு நினைவுக்கோலைச் செருகினால், அதிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் ஒரு வட்டென்றே கருவி நம்பிப் படிக்கும். நூற்றுக்கணக்கான வட்டுகள் ஒரு கோலில் அடங்கும். 1984இன் கருவி, தன் முன்னே இருப்பது வட்டன்று என்பதை அறியாமலே பாடுகிறது.

படியெடுத்தலின் நுட்பம் நமக்குப் புதிதன்று. ஒரு படியில் ஒரு கூறு சிதைந்திருந்தால், அதே ஒலித்தொகுதியின் வேறொரு படியைத் தேடிப் பிடிக்கின்றனர். இரண்டையும் ஒப்பிட்டு, இங்கே அழிந்ததை அங்கிருந்து நிரப்புகின்றனர். பரணிலும் பழைய கடையிலும் பாட்டுக்குழுவை விட்டு விலகியோர் இல்லங்களிலும் வட்டுகளைத் தேடிச் செல்கின்றனர். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி, படிகளை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய வரலாற்றை அறிந்த நமக்கு, இம்முயற்சியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொருளின் மதிப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டுதான், முறை ஒன்றே. ஓலையும் தன் ஆயுளால் நிலைத்ததில்லை. சிதைவதற்குள் யாரோ ஒருவர் அடுத்த ஓலையில் எழுதினார், அதனால் நிலைத்தது.

பெயரில்லாக் கலைஞர்

இவ்வரலாற்றில் நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தியும் உண்டு. வட்டுகளில் ஒலிகளுக்குப் பெயர் உண்டு. ஒலித்தவர்க்குப் பெயர் இல்லை. இரண்டாம் எமுலேட்டரின் வட்டுத் தொகுதியில் 'ஷாகுஹாச்சி' என்னும் சப்பானிய மூங்கிற்குழலின் ஒலி ஒன்று இருந்தது. 1986இல் பீட்டர் கேப்ரியல் வெளியிட்ட 'ஸ்லெட்ஜ்ஹாம்மர்' பாடலின் தொடக்கத்தில் எழுவது அக்குழலே. உலகெங்கும் அதனைக் கேட்டோருள், அம்மூச்சு எவருடையது என்று வினவியவர் எத்தனை பேர்? 'ஆர்க்-5' முழக்கத்தை எழுப்பிய வயலின் கலைஞரும் முரசறைந்தோரும், தம் ஒரு கணத்து உழைப்பு தெருமுனை ஆட்டக்காரரின் பாடலில் சென்று சேரும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் பாடலில் வந்த அரிய தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்பது போல வழங்கினர் தொகுத்தோர். பெயர் தெரியாதபோதும் அவர்க்கு ஓர் அடையாளம் தர வேண்டும் என்னும் பண்பு அது. ஒலி வட்டுகளைப் படியெடுப்போர் இன்று அட்டையில் ஒட்டியுள்ள சிறு தாளையும் விடாது படம் பிடித்து வைக்கின்றனர். எவர் பதிந்தார், எந்த ஆண்டு, எவ்வாத்தியம் என்று கையால் எழுதிய அக்குறிப்பு அழிந்தால், ஒலி எஞ்சினும் வரலாறு எஞ்சாது என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

நாம் கொள்ள வேண்டியது

மிராஜ் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. வைத்திருப்பதனால் ஒலி நிலைப்பதில்லை, படியெடுப்பதனால் நிலைக்கிறது. பூட்டிய பேழையில் கிடக்கும் வட்டு மெல்ல மெல்ல இறந்துகொண்டிருக்கிறது. பலர் கைக்குச் சென்ற வட்டு, ஒன்று சிதைந்தாலும் மற்றொன்றால் வாழ்கிறது.

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் குடும்பத்தோடு வந்து வாழும் நம் இல்லங்களில், மிராஜ் இருக்கும் என்று நாம் கருதவில்லை. ஆயின் பரணிலோ இரும்புப் பெட்டியிலோ பழைய கேசட்டுகள் சில இராமல் இரா. பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா சொன்ன ஊர்க்கதை, திருமணத்தில் ஒலித்த நாகசுரம், சங்க ஆண்டுவிழாவில் அரங்கேறிய நாடகம், இன்று பெரியவராகிவிட்ட பிள்ளையின் மழலை ஆகியன அவற்றில் இருக்கலாம். அவையும் நெகிழித் தகட்டின்மேல் பூசிய காந்தப் பொடியே. மிராஜின் வட்டுக்கு நேர்வது அவற்றுக்கும் நேரும். கேசட்டை ஓட்டும் கருவியும் அருகி வருகிறது.

கருவி கிடைக்கும்போதே, நாடா அறுந்து போகுமுன்னரே, அவற்றைப் படியெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றி வைப்போம். ஒரு படியோடு அமையாது, உடன்பிறந்தார் ஒவ்வொருவர்க்கும் ஒரு படி அனுப்புவோம். கோப்பின் பெயரில் பாடியவர் பெயரையும், ஊரையும், ஆண்டையும் தமிழில் எழுதி வைப்போம். பாட்டியின் குரலை அடையாளம் காட்டவல்ல பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைச் செய்து முடித்தல் நன்று.